பாத்துக் குடுங்கம்மா

எங்கம்மா இருபத்திரண்டு வருசம் தருமபுரி டவுனில் வீட்டு வேலை செய்தது. அந்த இருபத்திரண்டு வருசத்தில் ஒரு நாள்கூட, என் வேலைக்கு இன்ன விலை என்று அது தன் வாயால் சொன்னதில்லை. புது வீடு பிடிக்கப் போனால் வீட்டுக்காரம்மா கேட்பார்கள், “எவ்ளோம்மா எதிர்பாக்கிற?” அம்மா இடுப்பில் செருகின முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, “பாத்துக் குடுங்கம்மா” என்று சொல்லும். அதோடு பேச்சு முடிந்தது. அவர்கள் பார்த்தார்கள், கொடுத்தார்கள். எதைப் பார்த்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. வேலையைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிற கிழவி கூறு இவ்வளவு என்கிறாள். ஆட்டோக்காரர் சொல்கிறார், பெயிண்ட் அடிக்கிறவர் சொல்கிறார், பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறவர் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார். விலை சொல்லத் தெரியாதவர்கள் நாங்கள் மட்டும்தான். களத்துமேட்டில் கடைசியாய்க் கூட்டி அள்ளுகிற பதரும் நெல்லும் கலந்த கூலிக்கு எங்கள் பாட்டி கூடையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளும் விலை சொல்லவில்லை. கூடையைத்தான் நீட்டினாள்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். தொல்காப்பியத்தில் ‘ஈ, தா, கொடு’ என்று மூன்று சொற்களுக்கு விதி உண்டு. தாழ்ந்தவன் கேட்பது ஈ, சமமானவன் கேட்பது தா, உயர்ந்தவன் கேட்பது கொடு. வகுப்பில் இதை நடத்தும்போது பையன்கள் எல்லாம் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ‘குடு’ என்றுதான் சொல்கிறது, இலக்கணப்படி உயர்ந்தவள் சொல். ஆனால் முன்னால் ஒரு ‘பாத்து’ சேர்த்துக்கொண்டதும் அந்தக் ‘குடு’ மடங்கி ‘ஈ’ ஆகிவிடுகிறது. இந்த மூன்றுமே கேட்கிற சொற்கள் என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். நான் பேச வந்தது கேட்பதைப் பற்றி இல்லை, விலை சொல்வதைப் பற்றி.

*

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அம்மாவுக்கு நாலு வீடு இருந்தது. நாலில் ஒரு வீடுதான் வராத மாசத்துக்கும் சம்பளம் கொடுத்தது. மற்ற மூன்றும், “நெலம சரியானதும் சொல்லியனுப்பறோம்” என்றன. அதில் இரண்டு வீடு இன்றைக்கு வரைக்கும் சொல்லியனுப்பவில்லை. மிஷின் வாங்கிவிட்டார்களாம்.

வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007இல் நலவாரியம் வந்தது. 2018இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள், மணிக்கு 37 ரூபாயில் தொடங்கி. எங்களில் பாதிப்பேர் பிழைக்கப்போகிற பெங்களூர் இருக்கும் கர்நாடகத்தில் 2004லேயே நிர்ணயித்துவிட்டார்கள். நான் இயக்க வேலையாய் அலைகிறவள், இந்த அரசாணைகளை எல்லாம் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அம்மா கேட்கும், “அந்தக் காயிதத்த எந்த வூட்டுக்காரம்மாகிட்ட கொண்டுபோயிக் காட்டறது கண்ணு?” என்னிடம் பதில் இல்லை. வீடு என்பது பட்டறை இல்லை, ஆய்வாளர் கதவைத் தட்டி உள்ளே வருவதில்லை. ஒரு வீட்டில் ஒரு வேலைக்காரி. பக்கத்தில் நின்று பேச இன்னொருத்தி கிடையாது.

2024இல் எங்கள் காலனியில் அம்மா, சின்னம்மா, எதிர்வீட்டு அக்கா, அவர் நாத்தனார் என்று நாலு பேர் ஒன்றுசேர்ந்தார்கள். மாசச் சம்பளத்துக்குத் தனித்தனியாய்ப் போவதைக் குறைத்துக்கொண்டு, மொத்த வீட்டையும் சுத்தம் செய்து கொடுக்கிற வேலையை எடுப்பது. குடிமாறும் வீடு, கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வீடு, பொங்கலுக்கு முன்னால் ஒட்டடை அடிக்கிற வீடு. நாலு பேராய்ப் போனால் வீட்டுக்காரர் வாய் கொஞ்சம் அடங்கும் என்பது சின்னம்மாவின் கணக்கு. போன் பேசுவதும் விலை சொல்வதும் படித்தவள் என்று என் தலையில் வந்தது.

முதல் வீடு ஒரு தோழருடையது. கூட்டங்களில் உழைப்பைப் பற்றி நன்றாகப் பேசக்கூடியவர். வாடகைக்கு விட்ட வீடு காலியாகியிருக்கிறது, புதுசாய்க் குடிவருகிறார்கள், சுத்தம் பண்ணவேண்டும். 800 சதுர அடி, இரண்டு படுக்கையறை, இரண்டு கக்கூசு. நான் இழுத்து இழுத்து 2,500 என்றேன். “நம்மாளுங்கதானே, ரெண்டாயிரம் வச்சுக்கலாம் தோழர்” என்றார். நான் சரி என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, இயக்க உறவுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று. விட்டுக்கொடுத்தது என் காசு இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

காலை 7 மணிக்குக் காலனியை விட்டுக் கிளம்பினார்கள், சாயங்காலம் 6 மணிக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் வேலை எட்டரை மணி நேரம். எங்கள் மாவட்டத்துப் போர் தண்ணியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. புளோரைடு சனங்களின் பல்லில் ஏறியிருக்கிறது, உப்பு பாத்ரூம் டைல்ஸில் ஏறியிருக்கிறது. வருசக்கணக்கான உப்புக்கறை. ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். சீக்கிரம் போகட்டும் என்று நாத்தனார் பிளீச்சிங் பவுடரையும் மேலே தூவிவிட்டாள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சடைத்து வெளியே ஓடிவந்து வாசலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த அரைமணியையும் மற்ற மூன்று பேர் ஈடுகட்டினார்கள்.

ராத்திரி திண்ணையில் கணக்குப் பார்த்தோம். ஆசிட், பினாயில், சோப்புத்தூள், நார், துணி எல்லாம் 310 ரூபாய். ஏணியும் பக்கெட்டும் பஸ்ஸில் ஏறாது, ஆட்டோவுக்குப் போகவர 300. நாலு பேருக்கு மத்தியானச் சோறு, இரண்டு வேளை டீ 190. ஆக 800. மிச்சம் 1,200. ஆளுக்கு 300.

அந்த வருசம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்திருந்த நாள்கூலி 319. முன்னூறை எட்டரையால் வகுத்தேன். மணிக்கு 35 ரூபாய் சொச்சம். ஆறு வருசத்துக்கு முன்னால் அரசாங்கம் வைத்த 37ஐக்கூட எட்டவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பிய 11 மணி நேரத்துக்கு வகுத்தால் 27 ரூபாய். இந்த விலையைச் சொன்னது எந்த ஆண்டையும் இல்லை. அரசாணையைப் பற்றி மேடையில் பேசிய நான்.

அம்மா கேட்டது, “உங்க தோழரு கூட்டத்துல பேச வந்தா பஸ்ஸு காசு வாங்குவாரா?”

“வாங்குவாரும்மா.”

அதற்குமேல் அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். எதிர்வீட்டு அக்காவின் மகள் பி.காம். படிக்கிறாள், அவள் நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள்.

முதல் கேள்வி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி? யாரும் வாயைத் திறக்கவில்லை. பெயிண்ட் வேலைக்குப் போகிற எங்கள் சித்தப்பா 900 வாங்குகிறார். அவர் பூசுகிற அதே சுவரைத்தான் இவர்கள் கழுவுகிறார்கள், அதே ஏணியில்தான் ஏறுகிறார்கள். “அதுக்கின்னு தொள்ளாயிரமா?” என்று நாத்தனார் சிரித்தாள். பேசிப் பேசி 550இல் வந்து நின்றது. 900 என்று ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

நாலு பேருக்கு 2,200. பொருள், ஆட்டோ, சோறு டீ 800. கூட்டினால் 3,000. அவ்வளவுதான் என்று எல்லோரும் எழப்போனார்கள். பி.காம். பிள்ளை விடவில்லை. “ஏணி, பக்கெட்டு, நீட்டுக் கம்பு, கையுறை எல்லாம் எத்தினி நாளைக்கு வரும் பெரியம்மா?” என்று கேட்டாள். எல்லாம் சேர்த்து 9,000 ஆகும், இரண்டு வருசம் வரும். மாசத்துக்கு 375, மாசம் அஞ்சு வீடு கிடைத்தால் வீட்டுக்கு 75. “வூட்டப் பாத்து வெல சொல்ல ஒரு ஆளு போகுதே, அந்த அரை நாளு யாரு கணக்கு? நாலு வூட்டப் பாத்தா ரெண்டுதான் அமையுது.” அதற்கும் போனுக்கும் 175. ஆக 3,250.

இந்த இரண்டு வரியும் எங்களுக்குப் புதுசு. வேலை என்றால் கையில் துடைப்பம் இருக்கிற நேரம் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். போகிற நேரம், பார்க்கிற நேரம், தேய்கிற ஏணி, தேய்கிற கை எதுவும் கணக்கில் வந்ததில்லை. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது, அம்மா போய்வந்த ஒரு வீட்டில் சொன்னார்கள், “பஸ்ஸுதான் ஓசியாச்சே, மாசத்துல எரநூறு கொறச்சுக்கலாமில்ல?” அரசாங்கம் அம்மாவுக்குக் கொடுத்ததை அந்த வீடு எடுத்துக்கொண்டது. அவர்களுக்குக் கணக்கு அவ்வளவு துல்லியமாய்த் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் பிள்ளை, “இதுமேல லாபம் போடணும்” என்றாள்.

சின்னம்மா, “கூலிக்காரிக்கு என்னாடி லாபம்? லாபம் கடக்காரனுக்குல்ல?” என்று கேட்டாள்.

அந்த ராத்திரி முழுக்க இந்தக் கேள்வியில்தான் போயிற்று. கூலியே லாபம் என்றுதான் எங்கள் சனங்கள் நினைத்து வந்திருக்கிறோம். கூலி கிடைத்தால் இன்றைக்குக் களி, கிடைக்காவிட்டால் இல்லை. ஆனால் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், மார்கழியில் கிரகப்பிரவேசம் கிடையாது. அந்த மாசங்களில் வயிறு மூடியிருக்காது. நாத்தனார் வாயுவில் மயங்கினால் ஆஸ்பத்திரிக்கு யார் கொடுப்பது? உறிஞ்சுகிற மிஷின் ஒன்று வாங்க வேண்டுமென்றால் வட்டிக்காரனிடமா போவது? அம்மாதான் கடைசியில் சொன்னது, “கூலி இன்னிக்கித் தின்னறதுக்கு. லாபம் வேலயில்லாத நாளைக்கு.” 3,250க்கு ஐந்தில் ஒரு பங்கு 650. ஆக விலை 3,900.

நூறு ரூபாய்ச் செலவுக்கு இருபது ரூபாய் லாபம் என்றாலும், விலையில் அது ஆறில் ஒரு பங்குதான் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டுக் காட்டினாள். “ஐநூறு கொறச்சுக்கங்க”ன்னு ஒருத்தர் சொன்னால் அவருக்கு அது 3,900இல் 500. எங்களுக்கு அது 650இல் 500. மிச்சம் 150. அதனால் ஒரு முடிவுக்கு வந்தோம், விலையைக் குறைக்கச் சொன்னால் வேலையைக் குறைத்துக்கொள்வது. ஜன்னல் வேண்டாமா, சரி. பரண் வேண்டாமா, சரி. வேலை முழுசாய் இருக்க விலை மட்டும் குறையாது.

வீட்டைப் பார்க்காமல் போனில் விலை சொல்வதில்லை என்பது இரண்டாவது முடிவு. காலி வீட்டுக்குச் சதுர அடிக்கு 5 ரூபாய் என்றால் ஏறக்குறைய இந்தக் கணக்கு வந்துவிடும். ஆனால் புதுசாய்க் கட்டின வீட்டில் தரையெல்லாம் சிமெண்டும் பெயிண்டும் சொட்டியிருக்கும். அங்கே அதே 800 சதுர அடிக்கு இரண்டு நாள் ஆகும்.

*

கக்கூசைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

டவுனில் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் வேறு சாதிப் பெண்கள் போகிறார்கள். அவர்கள் கக்கூசு கழுவ மாட்டார்கள். அதற்கென்று எங்கள் காலனியில் ஆள் தேடுவார்கள். மொத்த வீட்டுக்கு விலை பேசும்போது மட்டும் ஹால் எவ்வளவு, கிச்சன் எவ்வளவு என்று கேட்பவர்கள் கக்கூசைக் கேட்பதே இல்லை. அது எங்கள் பிறப்போடு சேர்ந்து வருகிற இலவசம் என்று நினைப்பு. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். தருமபுரியில் ஒரு வாடகை வீட்டுக்கு விலை சொல்லப் போனாலே அது விளங்கும்.

சின்னம்மா, கக்கூசே வேண்டாம் என்றாள். “அத விடறதுக்குத்தானடி பொறப்பட்டோம்.” எதிர்வீட்டு அக்கா, விட்டால் பாதி வீடு வராது என்றாள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். கடைசியில் ஒரு கக்கூசுக்கு 400 என்று தனி வரி போட்டு, 3,900க்கு மேலே வைத்தோம். ஓசியாய் இருந்ததற்குத்தான் வீட்டிலேயே அதிக விலை. “கழுவ ஆசப்பட்டா அவங்களே கழுவிக்கலாம், காசு மிச்சம்” என்றாள் சின்னம்மா. ஒரு வீட்டில் அப்படியே நடந்தது. 400 என்றதும் அந்த அய்யாவே கழுவிக்கொள்வதாய்ச் சொல்லிவிட்டார். எங்கள் காலனியில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

செப்டிக் டேங்க், சாக்கடைக் குழி கேட்டால் பேச்சே கிடையாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் அதில் ஆளை இறக்குவது 2013ஆம் வருசச் சட்டப்படி குற்றம். அதில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. செத்தபிறகு நமக்கு ஒரு விலையை நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயிரோடு இருக்கும்போது சொல்லவேண்டியதை நாமல்லவா சொல்லவேண்டும்?

*

ஒருத்தி மட்டும் விலை சொன்னால் நிற்காது. இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 3,900 என்று சொல்லிவிட்டு வந்த ஒரு வீட்டைப் பக்கத்துக் காலனிப் பெண்கள் 1,800க்கு எடுத்தார்கள். சின்னம்மா சண்டைக்குக் கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். அவர்களும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்காதவர்கள், போன மாசத்து நாங்கள்.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த மறுவருசம், 1866 ஜூனில், மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரத்தில் துணி வெளுக்கிற கறுப்பினப் பெண்கள் மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கெஞ்சல் மனு இல்லை, விலைப்பட்டியல். நாள் வேலைக்கு ஒன்றரை டாலர், குடும்பத்துக்கு மாசம் 15 டாலர், பெரிய குடும்பத்துக்கு 20, தனி ஆளுக்கு 10. இதற்குக் குறைத்து வாங்குகிற வெளுக்கிற பெண்ணுக்கு அபராதம், அதையும் அவர்களே விதிப்பார்கள். 1881இல் அட்லாண்டா நகரத்தில் இருபது பேராய்த் தொடங்கிய வெளுப்புக்காரப் பெண்களின் சங்கம் மூன்று வாரத்தில் மூவாயிரம் பேரானது. ஒரு டஜன் பவுண்டு துணிக்கு ஒரு டாலர் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். கைது, அபராதம் எல்லாம் வந்தது. ஆளுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் போடுவோம் என்று நகரசபை மிரட்டியபோது, கட்டுகிறோம், ஆனால் நகரத்து வெளுப்பு எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று பதில் எழுதினார்கள். நம் பக்கத்திலும் 1980இல் புனே நகரத்து வீட்டு வேலைப் பெண்கள் சம்பள உயர்வுக்கும் விடுப்புக்கும் வேலைநிறுத்தம் செய்து சங்கம் கட்டினார்கள்.

ஜாக்சன் பட்டியலைத் திண்ணையில் படித்துச் சொன்னேன். “பெரிய குடும்பத்துக்குத் தனி வெலயா? வெவரமான பொம்பளைங்க” என்றது அம்மா. சின்னம்மா சண்டைக்குப் பதில் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காலனிக்குப் போனாள். இப்போது மூன்று காலனிகளில் ஒரே கணக்கைப் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முழுசாய் ஒத்துவரவில்லை.

பெருநகரங்களில் வேறு விதமாய்ப் போய்க்கொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் அர்பன் கம்பெனி, பதினைந்து நிமிசத்தில் வேலைக்கு ஆள், மணிக்கு 49 ரூபாய் என்று மும்பையில் விளம்பரம் செய்தது. கம்பெனிக்காரன் விலையைக் குறைத்தால் முதலீட்டுக்காரன் பணத்திலிருந்து குறைக்கிறான், போட்டியாளர் ஒழிந்தபிறகு ஏற்றிக்கொள்ளலாம். நாம் குறைத்தால் நம் உடம்பிலிருந்துதான் குறையும்.

*

விலை சொல்லாததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. எங்கள் பெரியத்தை ஒருநாள் திண்ணையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னது, “ரொம்ப கேக்காதீங்கடி. கையில காசு தங்கினா கண்ணுல படும்.”

அது எதைச் சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 2012 நவம்பர் 7ஆம் தேதி இந்த மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒரு கலியாணத்தைக் காரணம் சொன்னார்கள். ஆனால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்து வாங்கின பீரோவும் வண்டியும் டிவியும் நகையும் ஏன் தேடித்தேடி எரிக்கப்பட்டன, கொள்ளையடிக்கப்பட்டன? நம் கையில் கூலிக்குமேல் ஒன்று தங்கியிருந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பெரியத்தையின் பயத்தை மூடநம்பிக்கை என்று நான் தள்ளிவிட மாட்டேன். அதற்குப் பயந்து 2,000 ரூபாயிலேயே நிற்கவும் முடியாது.

முதன்முதலாய் அம்மாவே விலை சொன்ன நாளில் நானும் கூடப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற டீச்சரம்மா வீடு. சுற்றிக் காட்டிவிட்டு, “எவ்ளோம்மா எதிர்பாக்கிற?” என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா தலையைச் சாய்க்கவில்லை. “மூவாயிரத்தித் தொள்ளாயிரம்மா. கக்கூசு ஒண்ணுக்கு நானூறு, தனி.” டீச்சரம்மா என்னைப் பார்த்தார்கள், பிறகு அம்மாவைப் பார்த்தார்கள். “கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார்கள். பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் வந்தது. இலக்கியம்பட்டி தாண்டினதும், “சொல்லிட்டண்டி” என்றது. அவ்வளவுதான்.

அந்த வீடு அமையவில்லை. அந்த மாசம் விலை சொன்ன அஞ்சு வீட்டில் மூன்றுதான் அமைந்தது. பழைய விலையில் அஞ்சும் அமைந்திருக்கும். அஞ்சு நாள் உழைத்து ஆளுக்கு 1,500 வந்திருக்கும். இப்போது மூன்று நாள் உழைத்து ஆளுக்கு 1,650 வந்தது. தகர டப்பாவில் பொதுக்காசு 1,950 சேர்ந்தது, கக்கூசுக் காசு தனி. மிச்சம் இரண்டு நாள் அம்மா வீட்டில் படுத்துத் தூங்கியது. பகலில் அம்மா தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.